பங்கு ஒன்று; பண்பு வேறு

நெகிழி மின்னைக் கடத்தாது என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. மின்கம்பிக்கு நெகிழியுறை போர்த்துவது அதனாலன்றோ? ஆயின் அக்கடத்தாமையே சிலவிடத்துத் தீங்காய் முடிகின்றது. உராய்வினாற் பிறக்கும் நிலைமின், வெளியேற வழியின்றி நெகிழியின்மேல் தங்குகின்றது. கன்னெய்யாகிய பெட்ரோலின் ஆவி சூழ்ந்த இடத்தில் அதன் சிறுபொறி பெருந்தீயை மூட்டும். கணிப்பொறியின் நுண்சில்லையோ, கண்ணுக்குப் புலனாகாத சிறு பாய்ச்சலே பாழாக்கும்.

இதனைத் தவிர்க்க நெகிழியுடன் கரித்தூள் கலக்கின்றனர். கரி மின்கடத்தும். எனினும் சிறிதளவு கலந்தால் பயனில்லை. துகள்கள் தனித்தனித் தீவுகளாய்க் கிடக்கும். அளவு கூடக்கூட, ஒரு வரம்பில் அவை நெருங்கித் தொடராகின்றன. அங்கே மின்தடை பல கோடி மடங்கு வீழ்கின்றது. அதனைத் தொடர்வரம்பு எனலாம். 1991-இல் சப்பானிய அறிஞர் சுமியோ ஈசிமா கரி நுண்குழல்களைப் பற்றி எழுதிய பின், அவையும் இப்பணிக்கு வந்தன. நீண்டு மெலிந்தவையாதலின், அவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே பெரும்பாலும் போதும்.

பங்கு சரியாயின் பண்பும் சரியாகுமோ? ஆகாது. அரிசிமாவும் நீரும் ஒரே அளவினவாயினும், பிசையும் கைப்பக்குவத்தால் புட்டு உதிர்வதும் உண்டு, கட்டிபடுவதும் உண்டு. இங்கும் அவ்வாறே.

முதலாவது, கலத்தல். கலவை போதாதாயின் கரி கட்டிகட்டியாய் நிற்கும். மிகக் கடைந்தாலோ, தொடர் அறுந்து துகள்களை நெகிழி தனித்தனியே சூழ்ந்துகொள்ளும். நுண்குழல்கள் முறிந்து குறுகும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சன்றோ?

இரண்டாவது, வார்த்தல். உருகிய நெகிழியை அச்சினுள் விரைந்து செலுத்துங்கால், குழல்கள் ஓட்டத்தின் போக்கிலேயே வரிசைப்பட்டு ஒன்றையொன்று தொடாது விலகும். குளிர்ந்த அச்சுச்சுவரைத் தொட்ட புறப்படலம் அந்நிலையிலேயே உறைந்துவிடும். அதனால் உள்ளே மின் எளிதில் ஓட, மேற்புறம் அதனைத் தடுக்கும். உருகலும் அச்சும் போதிய வெப்பத்துடன் இருந்து, செலுத்தும் விரைவும் தணியுமாயின், அறுந்த தொடர் மீண்டும் கூடக் காலம் வாய்க்கும். ஆயினும் வெப்பம் வரம்பு கடப்பின் நெகிழியே சிதையும்.

மூன்றாவது, ஆற்றுதல். வார்த்த பொருளை மீண்டும் இளகுமளவு சூடாக்கி மெல்ல ஆறவிட்டால், சிதறிய துகள்கள் ஓரளவு கூடிக் கடத்துதிறன் மீள்வதும் உண்டு.

ஒரே மூட்டையிலிருந்து எடுத்த கலவை, ஒரு பொறியில் மின்கடத்தும் தட்டாகவும், மற்றொன்றில் கடத்தாத் தட்டாகவும் வெளிவரலாம். இரண்டும் கருநிறமே; கண்ணால் வேறுபாடு காணவியலாது. எனவே, கலந்த பங்கை மட்டும் ஏட்டில் எழுதி அமைவது போதாது. வெப்பம், விரைவு, அழுத்தம், ஆறிய காலம் ஆகியவற்றையும் குறித்து, முடிந்த பொருளின் பலவிடங்களில் மின்தடையை அளத்தல் வேண்டும். காப்புடையது என நம்பிக் கையாளுவோனின் உயிர் அவ்வளவையின்மேல் நிற்கின்றது.