பங்கீட்டுக்கென்றே பிறந்த ஓர் எண்



பிழைப்பை நாடிப் பெரியாற்றங்கரைக்கு வந்து, தமிழை மறவாது வாழும் நம்மிடையே, ஒரு தமிழ்க் குமாஸ்தா போட்ட கணக்கைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்த சீனிவாச இராமானுஜனே அவர்.

இரயில் நிலையக் கடிகாரத்தை நோக்குங்கள். நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிடம். 60ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 12. அதனினும் பெரிய 100ஐ வகுப்பவையோ ஒன்பதே. 60க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் 12 வகுத்திகள் கிடையா. 24ம் தனக்குச் சிறிய எண்களை இவ்வாறே வெல்கிறது. இத்தகைய எண்களை ஆராய்ந்து இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அவருக்குக் கிட்டியதும் இவ்வாராய்ச்சியாலேயே.

அவருடைய பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு வகுத்திகள் 10,080! ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவேண்டுமோ என அஞ்சற்க. இவ்வெண் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று ஆகியவற்றின் பெருக்கம். ஒவ்வோர் எண்ணிக்கையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குக: 7, 5, 3, 3, பின்னர் ஐந்து முறை 2. விடை 10,080.

இப்பெருக்கத்திலிருந்து 23ஐ நீக்கினால் 2,93,31,86,25,600 என்னும் எண் வரும். அதன் வகுத்திகள் 5,040. தன்னினும் சிறிய எண்கள் யாவற்றையும் அதுவும் வெல்வதே. ஆயினும், நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் நிரம்பிய அப்பட்டியலில் இஃதொன்று மட்டும் விடுபட்டுப் போயிற்று!

இதனால் மேதையின் புகழ் குன்றுமோ? குன்றாது. அவர் கண்ட விதிகள் பழுதற்றவை. வரிசையாக எழுதுகையில் ஒரு வரி தவறியது, அவ்வளவே.  கணக்குப் புத்தகத்தோடு காலம் கழிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும், சரிபார்ப்பது அவமதிப்பாகாது. அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

நம் பிள்ளைகளிடம் இராமானுஜன் படத்தைக் காட்டிக் கும்பிடச் சொல்வதோடு நில்லாமல், ஒரு பென்சிலையும் தாளையும் கொடுத்து இவ்வெண்ணைப் பெருக்கிப் பார்க்கச் சொல்வோமாக. அப்போது அவர்கள் அவரை உண்மையாகவே அறிவர்.