ஒரே இன்னிங்ஸ், சராசரி 207

(இணைய அணித் தோழர்கள் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பெரிய பேச்சாளர் இல்ல. இன்ஜினியரிங் முடிச்சுட்டு, உங்கள மாதிரியே போஸ்டர் டிசைன் பண்ணிப் போடுற ஆளு. இன்னைக்கு ஒரு கிரிக்கெட் கணக்கு மட்டும் சொல்றேன்.

முதல்தரப் போட்டிகளில் டான் பிராட்மேனின் சராசரி 95.14. ஆனா 207 சராசரி வெச்சிருக்கிற ஒருத்தர் இருக்காரு. பேரு நார்மன் காலவே. ஆஸ்திரேலியாவில் ஹே என்கிற சின்ன ஊர்ல பிறந்தவர்.

1915 பிப்ரவரி. சிட்னி மைதானம். நியூ சவுத் வேல்ஸ் அணிக்காக, குயின்ஸ்லாந்துக்கு எதிரா முதல் போட்டி. வயசு 18. இறங்கின முதல் இன்னிங்ஸ்லயே 207 ரன்.

அதுதான் கடைசி இன்னிங்ஸும்.

உலகப் போரால் ஷெஃபீல்ட் ஷீல்டு போட்டிகள் நின்னு போச்சு. 1916-ல் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். கட்டாயம் கிடையாது, தானாப் போனவர். 1917 மே 3, பிரான்ஸில் புல்கூர் கிராமத்துச் சண்டையில் இறந்தார். வயசு 21. அந்த ஒரு கிராமத்துக்கான ரெண்டு வாரச் சண்டையில் செத்தவங்க, காயப்பட்டவங்கன்னு ஆஸ்திரேலியர்கள் மட்டுமே ஏழாயிரத்துக்கு மேல.

இப்போ நம்ம விஷயத்துக்கு வரேன். அதே 1917-ல் விளையாட்டு வீரர்களைப் பட்டாளத்துக்கு இழுக்கன்னே ஆஸ்திரேலியாவில் தனியாப் போஸ்டர் அடிச்சாங்க. அடிச்சவங்க யாருன்னு நினைக்கிறீங்க? நம்மள மாதிரி டிசைன் பண்றவங்கதான். பதுங்குகுழிக்குப் போனது வேற பசங்க.

நானும் யோக்கியன் இல்ல. எல்லையில் பதற்றம் வந்தப்போ ரெண்டு பக்கச் சாவையும் ஸ்கோர்போர்டு மாதிரி டிசைன் பண்ணிப் போட்டேன். லைக் குவிஞ்சுது. காலவே கதையைப் படிச்ச ராத்திரி அதை அழிச்சேன்.

படிச்ச படிப்புக்கு ஒண்ணு சொல்றேன். ஒரே ஒரு அளவீட்டை வெச்சு சராசரி பார்க்கக் கூடாது. அதனாலதான் குறைந்தபட்ச இன்னிங்ஸ் கேட்கிற சாதனைப் பட்டியல்ல அவர் பேரு வராது. அந்த 207 திறமையோட முழு அளவு இல்ல. ஆடாமப் போன இன்னிங்ஸ்களோட கணக்கு அது.

அரசியல்ல எதிரணியை எவ்வளவு வேணா விமர்சிப்போம். ஆனா போரை மேட்ச் மாதிரி கொண்டாடுற பதிவு நம்ம கையிலிருந்து போக வேண்டாம். ஷேர் பண்றதுக்கு முன்னாடி, அந்த 18 வயசுப் பையனை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.