எலியின் அகவை யாது?

(புதுக்கோட்டையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



புதுக்கோட்டை மாவட்டத்து உழவன் மாட்டுச் சந்தைக்குச் சென்றால் முதலில் செய்வது யாது? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்ததா என்று அறியாமல் அவன் விலை பேசான். அவ்வினாவை ஆய்வகத்து எலியைப் பற்றியும் கேட்டல் வேண்டும். அவன் வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியும், அவன் மகவு உண்ணும் மருந்தும் மரபணுவுக்கு ஊறு செய்யுமா என்பதற்குச் சான்று சொல்வனவற்றுள் அவ்வெலியும் ஒன்று.

குரோமோசோம் எனப்படும் நிறப்புரி உடைந்தால், உயிர்மி பிரியும்போது அதன் துண்டு தனித்து நின்று குறுங்கருவாகிறது. குறுங்கருக்களை எண்ணியே கேட்டை அளக்கின்றனர். உயிர்மி பிரிந்தாலன்றிக் குறுங்கரு தோன்றாது. முதிர்ந்த எலியின் ஈரலில் உயிர்மிகள் அரிதாகவே பிரிகின்றன. ஏறத்தாழ ஒரு திங்கள் அகவையுள்ள எலியின் ஈரலிலோ விரைந்து பிரிகின்றன. ஆகவே இளையதில் வெளிப்படும் நஞ்சு முதிர்ந்ததில் மறைந்திருக்கக் கூடும்.

மற்றொன்றும் உண்டு. எந்த நஞ்சும் ஏற்றாமலே முதுமை மரபணுவில் மாற்றங்களைச் சேர்க்கிறது. 1997-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதிய சுண்டெலிகளின் ஈரலில் அம்மாற்றங்கள் மிகுந்திருந்தன. மூளையில் முதுமையால் அவ்வாறு மிகவில்லை.

நஞ்சு ஏற்றிய கூட்டத்தில் இளம் எலிகளையும், ஏற்றாத கூட்டத்தில் முதிய எலிகளையும் வைத்தால் யாது நேரும்? இரு கூட்டத்தின் எண்ணிக்கையும் நெருங்கிவிடக் கூடும். 'கேடில்லை' என்னும் பொய் பிறக்கும். பொருளியல் ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 1983-இல் வகுத்துப் பின்னர்த் திருத்திய குறுங்கரு ஆய்வுநெறி, 6 முதல் 10 கிழமை அகவையுள்ள இளம் விலங்குகளைப் பரிந்துரைக்கிறது.

மாந்தர்க்கும் இஃதே நெறி. மணவாளக்குறிச்சி மணலைப் போலவே கேரளத்துக் கொல்லம் கடற்கரை மணலிலும் தோரியம் செறிந்த மோனசைட்டு உண்டு. அக்கேரளக் கரையில் பாபா அணு ஆராய்ச்சி நடுவத்தார், பிறந்த மகவின் கொப்பூழ்க்கொடிக் குருதியில் குறுங்கருக்களை எண்ணினர். புகையும் தொழிலும் முதுமையும் தீண்டாத குருதி அது. கதிர் மிகுந்த ஊருக்கும் குறைந்த ஊருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2009-இல் அறிவித்தனர். நல்ல செய்தியே! ஆயினும் அது மகவுக்குரிய விடை. அம்மணலில் அறுபது ஆண்டு வாழ்ந்த மீனவர்க்கு அவ்விடை போதாது.

ஆகவே, 'கேடில்லை' என்று எவர் அறிக்கை நீட்டினும் கேளுங்கள்: எந்த அகவை விலங்கில் ஆய்ந்தீர்? ஒத்த அகவையோடு ஒப்பிட்டீரா? எவ்வுறுப்பில் எண்ணினீர்? விடையைத் தமிழில் கேளுங்கள். நஞ்சைத் தெளிக்கும் கை தமிழனுடையது. அவனுக்கு விளங்காத அறிக்கை அவனைக் காவாது.