எலிப் புரதமும் நம்ம தோட்டத்து ஸ்டார்ட்டரும்

இந்த வாரம் ஒரு எலிப் புரதத்தைப் பத்திப் பேசப் போறோம். "நமக்கு எதுக்குங்க இது"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இது சென்னை வரைக்கும் வந்த ஒரு சண்டையோட முன்கதை.

இமாட்டினிப்னு ஒரு மாத்திரை. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அமெரிக்காவில் 2001ல அனுமதி கிடைச்சது. இந்தியாவில் அப்போ நோவார்ட்டிஸ் கம்பெனியோட மாத்திரை மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயா இருந்தது. நம்ம நாட்டுக் கம்பெனிகள் செஞ்சது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயா இருந்தது. சென்னை காப்புரிமை அலுவலகத்துல ஆரம்பிச்ச வழக்கு, 2013 ஏப்ரல் 1ல உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸுக்குக் காப்புரிமை இல்லைன்னு சொன்னதோட முடிஞ்சது. விலைக் கதை பலருக்குத் தெரியும். மாத்திரை எப்படி வேலை செய்யுதுங்கிற கதைக்குத்தான் எலி வேணும்.

முதல்ல கைனேஸ்னா என்ன? தோட்டத்துல பம்ப்செட் ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீங்க. பட்டனை அமுக்கினா மோட்டார் ஓடும். செல்லுக்குள்ள அந்த வேலையைச் செய்யற புரதம்தான் கைனேஸ். ஏ.டி.பி.ங்கிற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்து மேல ஒட்டும். உடனே அது வேலையை ஆரம்பிக்கும். மனுஷ உடம்புல இப்படி 500க்கும் மேல இருக்கு.

அதுல ஒண்ணுதான் ஏபிஎல். 1970ல ஹெர்பர்ட் ஏபல்சன், லூயிஸ் ராப்ஸ்டீன் ரெண்டு பேரும் எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வர வைக்கிற ஒரு வைரஸைப் பத்தி எழுதினாங்க. அந்த வைரஸ் எலியோட ஜீன் ஒண்ணைத் தூக்கிட்டுத் திரிஞ்சது. ஏபல்சன் பேரைச் சுருக்கித்தான் அந்த ஜீனுக்கு ஏபிஎல்னு பேர்.

அதே ஜீன் நம்மகிட்டயும் இருக்கு. சி.எம்.எல். நோயாளிகளோட ரத்தம் உருவாகற செல்கள்ல, 9வது குரோமோசோம்ல இருந்து உடைஞ்ச துண்டு 22வதோட ஒட்டிக்குது. ஏபிஎல் இன்னொரு ஜீனோட சேர்ந்துடுது. அப்புறம் ஸ்டார்ட்டர் ஆஃப் ஆகவே ஆகாது. வெள்ளை அணுக்கள் பெருகிக்கிட்டே போகும்.

மாத்திரை இந்த ஸ்டார்ட்டரை எப்படி நிறுத்துதுன்னு கண்ணால பார்க்கணும்னா, சுத்தமான புரதம் நிறைய வேணும். எலியோட ஏபிஎல் கைனேஸ் பகுதியும் மனுஷனோடதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால எலி ஜீனோட அந்தப் பகுதியை ஒரு பூச்சி வைரஸ்ல வெச்சு, ஆய்வகத்துல வளர்க்கிற பூச்சி செல்லுக்குள்ள அனுப்புவாங்க. செல் அந்தக் குறிப்பைப் படிச்சுப் புரதத்தைச் செஞ்சு குடுக்கும். நம்ம ஃபவுண்ட்ரியில பேட்டர்ன் குடுத்தா காஸ்டிங் வர்ற மாதிரி. இதைத்தான் ரீகாம்பினன்ட் புரதம்ங்கிறாங்க. அந்தப் பூச்சி எது தெரியுமா? 2018ல இந்தியாவுக்குள்ள வந்து மக்காச்சோளக் காட்டைக் காலி பண்ணின அதே படைப்புழு! உடுமலைப் பக்கம் கேட்டுப் பாருங்க, வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க.

அடுத்த ஆள் ஜான் குரியன். மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷம் படிச்சுட்டு 1979ல அமெரிக்கா போனவர். 2000ல அவர் குழு எலி ஏபிஎல் புரதத்தைப் படிகமாக்கி, இமாட்டினிப் மாதிரியே இருக்கிற ஒரு மூலக்கூறு அதுக்குள்ள எங்க உட்காருதுன்னு காட்டுச்சு. ஸ்டார்ட்டர் ஆஃப்ல இருக்கிற நிலையில உள்ள போய் ஆப்பு வெச்சிருந்தது! ஆன்ல இருக்கும்போது கைனேஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆஃப்லதான் வித்தியாசம் தெரியும். மத்த நூத்துக்கணக்கான ஸ்டார்ட்டர்களைப் பெரும்பாலும் தொடாம, இந்த மாத்திரை ஏபிஎல்லைப் பிடிக்கிறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சிலருக்கு மாத்திரை பாதியில வேலை செய்யாமப் போகும். 2001ல ஒரு காரணம் தெரிஞ்சது: புரதத்தோட 315வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. மருந்து பிடிமானம் வெக்கிற இடமே அதுதான்னு எலிப் புரதப் படத்துல ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. அந்த மாற்றத்தையும் தாண்டி வேலை செய்யற பொனாட்டினிப் 2012ல வந்தது. இப்பவும் மாத்திரை கேக்கலைன்னா, டாக்டர் இந்த மாதிரி மாற்றம் இருக்கான்னு டெஸ்ட் எழுதுவார்.

இப்படிப்பட்ட புரதத்தைச் சின்னக் குப்பியில விக்கிறாங்க. லேபிள்ல "ஆராய்ச்சிக்கு மட்டும்"னு இருக்கும். அது மருந்து இல்லை. புது மருந்து மனுஷன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பெஞ்ச். நம்ம பாஷையில சொன்னா, புரொடக்‌ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி டெஸ்ட் சர்வர்.

கடைசியா ஒண்ணு. மாத்திரையோட ஒரு வடிவம் யாருக்குச் சொந்தம்னு வருஷக்கணக்கா வழக்கு நடந்தது. ஆனா மாத்திரை எங்க உட்காருதுங்கிற படம் எல்லாருக்கும் சொந்தம். புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துல 1ஐஈபின்னு, அந்த மூணு எழுத்தையும் இங்கிலீஷ்ல அடிச்சுத் தேடுங்க. எலி ஏபிஎல்லும் இமாட்டினிப்பும் சேர்ந்து திரையில வரும். போன்லயே சுத்திச் சுத்திப் பார்க்கலாம், காசு கிடையாது. பார்த்துட்டு 315வது இடம் எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க!