ரோதை நின்ற ஸ்டோர்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு நடக்கிற நேரத்தில் மாஸ்டர் ஏன் பாழடைந்த ஸ்டோரைப் பற்றிப் பேச வந்தார் என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயந்தான். ஆனால் போன மாதம் மேல்மாடித் தகரம் இன்னொரு பக்கம் சரிந்துவிட்டது. ரோலரின் பித்தளைத் துண்டுகள் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன. அடுத்த மழைக்குப் பலகைத் தளம் தாங்காது.

தரம் நான்கு பிள்ளைகளிடம் "அது என்ன கட்டடம்?" என்று கேட்டேன். "பேய் பங்களா சேர்" என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தியின் பாட்டி அங்கேதான் இருபது வருஷம் சல்லடையில் நின்றார்.

அதற்கு ஏன் அத்தனை ஜன்னல்? கொழுந்தை மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் பரப்பி, காற்றில் வாட்டுவதற்கு. வாடிய கொழுந்து கீழே ரோலருக்கு இறங்கும். பிறகு புளிக்கவிடுவார்கள், பிறகு ட்ரையர், கடைசியில் சல்லடை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, பிள்ளைகளை அந்தத் தளத்தில் நிறுத்திக் காட்ட எனக்கு ஆசை. ரோதை நின்றுவிட்டது, ஆனால் ரோதமுனிக்கு விளக்கு வைத்த இடத்தில் கரி இன்னும் அழியவில்லை. அந்தச் சாமியை எந்தத் துரையும் கொண்டுவரவில்லை, நம்மவர் வைத்தது.

இது நடக்காத காரியமில்லை. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் பத்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது. கட்டடம் பிழைத்தது, நம்மவர் அங்கே போய் ஒரு டீ குடிக்க முடியுமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஹந்தானையில் ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள் இருக்கின்றன. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர், இருக்கட்டும். குழி வெட்டியவர்களின் பெயர் எங்கே? கம்பளைப் பக்கம் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்த வழி.

"லயமே ஒழுகுது, ஸ்டோருக்குத் தகரமா?" என்று ஒரு அக்கா கேட்டார். லயத்துத் தகரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அக்கா. அந்தக் கோரிக்கை முதலில் நிற்கும். நிர்வாகத்திடம் இதற்காகக் கேட்பது மூன்றுதான்: கழற்றி விற்பதை நிறுத்துங்கள், சரிந்த பக்கத்தை மூடுங்கள், பழைய செக்ரோல் புத்தகங்களை எரிக்காதீர்கள். நம் பாட்டன்மாருக்கு முழுப்பேர், அரைப்பேர் போட்ட கணக்கு அதில்தான் இருக்கிறது. நூறு வருஷம் கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கத் தொல்பொருள் சட்டத்திலும் இடமுண்டு. நம் ஸ்டோரின் வயதை முதலில் எழுத்தில் நிரூபிக்க வேண்டும்.

ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் நானும் பெரிய பிள்ளைகளும் கொப்பியோடு இருப்போம். ஸ்டோரில் வேலை செய்தவர்கள் வாருங்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள், நாங்கள் லயத்துக்கே வருகிறோம். எந்த வருஷம், எந்த வேலை, பக்கத்தில் யார் நின்றார், எல்லாம் சொல்லுங்கள். பழைய படம், சம்பளத் துண்டு இருந்தால் எடுத்துவாருங்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.