போனை மாற்றுமுன் கணக்கைப் பார்ப்போம்

(வட்டகொடையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. 2025 ஆகஸ்ட்)



சம்பளம், காணி, சேமலாப நிதி என்று பேசுகிற இந்த இடத்தில் இன்றைக்குப் போனைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் நாம் பேசப்போவதும் சம்பளத்தைப் பற்றித்தான். போராடி வாங்கிய சம்பளம் எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

கொஞ்ச நாளாக, கொழுந்து நிறுக்கிற இடத்திலும் லயத்து வாசலிலும் ஸ்டேசன் ரோட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தோம். "கையில் இருக்கிற போன் திருப்தியா? எப்போது மாற்றப் போகிறீர்கள்?" அம்மாமார் பலர் சொன்ன பதில் இதுதான்: "எனக்கு இது போதும் சேர். கொழும்பில இருக்கிற மகன் முகத்தைக் காட்டுறான். வேற என்ன வேணும்?" சரி, அப்படியானால் மாற்ற மாட்டீர்கள்தானே என்று கேட்டால், "இல்ல சேர், தீபாவளிக்கு ஒண்ணு எடுக்கத்தான் இருக்கு" என்கிறார்கள்.

போதும் என்கிற பொருளை ஏன் மாற்ற வேண்டும்? கேட்டுக்கொண்டே போனால் மூன்று காரணம் வருகிறது. சார்ஜ் நிற்பதில்லை. போனில் இடமில்லை என்று காட்டுகிறது. மூன்றாவது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கேட்கிறது.

மூன்றாவதை முதலில் எடுப்போம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடினார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் பாடங்களை வட்ஸ்அப்பில் போட்டோம். போட்டதும் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், அந்தப் போனும் அப்பாவோடு வெளியூரில். பாடசாலை திறந்த பிறகு அந்த வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் புரட்டினோம். மார்ச் மாதத்தோடு எழுத்து நின்றிருந்தது. அடுத்த முறை பாடசாலை மூடியபோது, அந்தத் தாய் காதுத் தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கினார். 2021இல் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிப் பாறைக்கு ஏறியதை உலகமே செய்தியில் பார்த்தது. நம் மலைகளிலும் சிக்னலுக்காக ஏறி இறங்கியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கொரோனா போய்விட்டது. அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் வீட்டு வேலையைக் குரூப்பில் போட்டுவிடுகிறோம். போன் பழசானால் படம் திறக்காது, பிள்ளை அழும், பெற்றோர் கடைக்கு ஓடுவார்கள். இதை நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது கணக்கு. 2024 செப்டம்பர் வர்த்தமானிப்படி நம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது, அதை வைத்துப் பார்ப்போம். சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபாய் கழிந்தால் கையில் 1,242. கடையில் ஒரு போன் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 36 நாளுக்கு மேல் மலை ஏறினால்தான் அந்தப் போன். 36 நாளும் அரிசி, மா, பஸ் காசு எதுவும் இல்லாமல்! அதிலும் மாதம் முழுக்க நமக்கு வேலை கிடைப்பதில்லை. மழை, சுகவீனம், அரைப்பேர் எல்லாம் போக, இரண்டு மாத உழைப்பு என்று சொன்னாலும் பிழையில்லை.

போன் இந்த விலைக்கு எப்படி வந்தது? 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. சில மாதத்தில் 350ஐத் தாண்டியது. 2024 ஜனவரி முதல் போனுக்கும் 18 வீத வற் வரி. 45,000 ரூபாய் போனில் வரி மட்டும் 6,800 ரூபாய்க்கு மேல். அதற்கே ஐந்தரை நாள் கொழுந்து பறிக்க வேண்டும்.

கையில் காசில்லாதவர் தவணைக்குப் போகிறார். உதாரணத்துக்கு, முதலில் 10,000, பிறகு மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு மாதம் என்கிறார்கள். மாதம் நாலாயிரம்தானே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 58,000. போனின் விலையை விட 13,000 கூட. பத்து நாள் உழைப்பு வட்டிக்கே போகிறது. பன்னிரண்டாவது தவணை கட்டும்போது அந்தப் போனிலும் சார்ஜ் நிற்காது. அடுத்த தவணைக்குக் கடைக்காரர் காத்திருப்பார்.

இனி முதல் இரண்டு காரணங்களுக்கு வருவோம். சார்ஜ் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் தேய்ந்தது பட்டரி மட்டும்தான். போன் முழுவதும் கெட்டுவிடவில்லை. அதை மாற்றப் புதுப் போனின் விலையில் ஒரு சிறு பங்குதான் போகும். தலவாக்கலைக்குப் போகிற நாளில் இரண்டு கடையில் விலை கேளுங்கள். பட்டரி ஊதிப் பின்பக்கம் தூக்கியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், அது தீப்பிடிக்கக் கூடியது. இடமில்லை என்று காட்டினால், வட்ஸ்அப்பில் தினமும் வந்து சேர்கிற காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்துப் பாருங்கள். பாதிப் போன் அங்கேயே கிடக்கும். படம் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் ரீலோட் காசும் மிஞ்சும்.

போனை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மிகப் பழைய அண்ட்ராய்டு போன்களில் வட்ஸ்அப் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத போனில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து. அப்படியானால் மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பதியாத போனை மலிவு என்று வாங்காதீர்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

போன் சீக்கிரம் பழசாவது தலையெழுத்து இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பட்டரி 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 வீதம் பிடிக்க வேண்டும். அந்த மாதிரி விற்பனை நின்ற பிறகும் 7 வருடத்துக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும், குறைந்தது 5 வருடம் மென்பொருள் புதுப்பிப்பு வர வேண்டும். சட்டம் போட்டால் கம்பனிகள் செய்யத்தான் செய்கின்றன. அந்தப் பாதுகாப்பு கொழுந்து பறிக்கிறவருக்கும் வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்கலாம்.

அதுவரைக்கும் நம் கையில் இருக்கிறதைச் செய்வோம். கமிட்டியின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று, வீட்டு வேலை கரும்பலகையிலும் கொப்பியிலும் கொடுக்கப்பட வேண்டும். போன் இல்லாததால் எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது. இதை எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டோம். நாங்கள் மறந்தால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அதேபோல தோட்ட ஆபிசின் அறிவித்தல் எதுவானாலும் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு, கொழும்பில் போன் திருத்தும் வேலை பழகிய நம் பிள்ளைகள் லீவில் வரும்போது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே உட்கார்ந்து பழைய போன்களைப் பார்த்துக் கொடுக்கட்டும். சாமான் விலையும் அவர்களுக்குரிய கூலியும் கொடுப்போம்.

மூன்று, எந்தத் தவணைக் கடதாசியிலும் கையெழுத்துப் போடுமுன் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ காட்டுங்கள். மொத்தம் எவ்வளவு, அது எத்தனை நாள் பேர் என்று கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

அந்தத் தாயின் தோடு இன்னும் மீட்கப்படவில்லை. அவர் வாங்கிய போனிலும் சார்ஜ் நிற்பதில்லை. "இன்னொண்ணு எடுக்கணுமா சேர்?" என்று போன வாரம் கேட்டார். "வேண்டாம் அம்மா, பட்டரியை மாற்றுவோம், மிச்சக் காசில் தோட்டை மீட்கப் பாருங்கள்" என்றோம். இதையே இங்கே எல்லோரிடமும் சொல்லத்தான் வந்தோம்.