பாடபேதம் கொண்ட வைரஸ்



கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் உண்டு. ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளை வளர்த்து வெளியிடங்களுக்கு அனுப்புவது அங்குள்ள உழவர் சிலரின் தொழில். 2012ஆம் ஆண்டில் அம்மாகாணத்து வயல்களில் செடிகள் வளர்ச்சி குன்றி நலிந்தன. அங்கிருந்து அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்குச் சென்ற நாற்றுகளிலும் 2013இல் அதே நோய் காணப்பட்டது. ஆராய்ந்தபோது இரண்டு வைரஸ்கள் சேர்ந்து குடிகொண்டிருப்பது தெரிந்தது. ஒன்று மஞ்சள் விளிம்பு வைரஸ். மற்றது இலைத்திட்டு வைரஸ்.

பயிரிடும் ஸ்ட்ராபெர்ரி வகைகளில் இவற்றுள் ஒன்று மட்டும் புகுந்தால், பெரும்பாலும் வெளியே ஒரு குறியும் தோன்றுவதில்லை. இரண்டும் கூடினால்தான் செடி தளர்கிறது. இவற்றைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது அசுவினிப் பூச்சி. அதுமட்டுமன்று, ஸ்ட்ராபெர்ரி ஓடுதண்டினால் பெருகுவது. ஆதலின் தாய்ச்செடியின் நோய் சேய்ச்செடிகளுக்கும் சொத்தாக வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்நோயை நாற்று விற்கும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

பழைய முறை ஒன்று உண்டு. ஐயத்திற்குரிய செடியின் இலையைக் காட்டு ஸ்ட்ராபெர்ரிச் செடியில் ஒட்டுக்கட்டுவார்கள். பயிர்ச்செடி மறைக்கும் நோயைக் காட்டுச்செடி வெளிப்படுத்திவிடும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விரைவில் விடை வேண்டுமானால் வைரஸின் மரபுச் செய்தியையே படித்தறிய வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது.

நம் முன்னோர் பனையோலை ஏடுகளைப் பெயர்த்தெழுதியதை நினைத்துப் பாருங்கள். எழுதுவோர் கை தவறும். அத்தவறு அடுத்த ஏட்டிலும் தொடரும். இவ்வாறு பாடபேதங்கள் பெருகின. மஞ்சள் விளிம்பு வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் ஏறத்தாழ 6,000 எழுத்துகளால் ஆனது. அதைப் படியெடுக்கும் நொதிக்கு, எழுதியதை ஒப்புநோக்கித் திருத்தும் ஆற்றல் இல்லை. ஆகவே ஒரே வைரஸுக்குப் பல பாடங்கள் உண்டாகின்றன.

சோதனைக்கூடத்தில் வைரஸைத் தேடுவோர், அச்செய்தியின் இருபது எழுத்துகள் போன்ற ஒரு சிறு பகுதிக்கு இணையான துண்டைச் செய்து, அது பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பகுதியிலேயே எழுத்துகள் மாறியிருந்தால் துண்டு பொருந்தாது போகலாம். வைரஸ் இருக்கும், சோதனையோ “இல்லை” என்று சொல்லிவிடும். அச்சொல்லை நம்பி அனுப்பிய நாற்று, நோயையும் உடன்கொண்டு செல்லும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, நல்ல பதிப்பாசிரியரின் வழியே. பல இடங்களிலிருந்து வைரஸின் பாடங்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். எல்லாப் பாடங்களிலும் மாறாதிருக்கும் பகுதி எது என்று தேடுகிறார்கள். அங்கே எழுத்து மாறினால் பெரும்பாலும் வைரஸே பிழைப்பதில்லை. அதனாலேயே அப்பகுதி நிலைத்திருக்கிறது. சோதனையை அந்த இடத்தில் ஊன்றினால் விடை உறுதிப்படும்.

நண்பர்களே, வைரஸின் வேற்றுமைகளைக் கணக்கெடுப்பது வீண் ஆராய்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். “நோய் இல்லை” என்ற விடைக்கு இரு பொருள் உண்டு. நோய் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். நாம் தேடிய பாடம் மட்டும் இல்லாதிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவே உழவனின் ஓராண்டு உழைப்பைக் காப்பது என்று நான் கருதுகிறேன்.